போனமா, மூனா? ராக் ட்ரம்மர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை

போன இதழில் லெட் செப்பலின் குழுவின் ட்ரம்மர் ஜான் போனம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ராக் இசையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு கட்டு கடிதம் சேர்ந்துவிட்டது. சண்டைக்கு வந்தவர்கள், சந்தேகம் கேட்டவர்கள், பெண்ணுக்கு ட்ரம்ஸ் வாங்கித் தரலாமா என்று யோசனை கேட்டவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

போனமா, தி ஹூ குழுவின் கீத் மூனா? யார் பெரிய ஆள்? நண்பர்களுக்குள் தினமும் இதே சண்டை. ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
கல்லூரி மாணவர், கோவை

ஒரே வார்த்தை என்றால் போனம். ஆனால் அதோடு நிறுத்தினால் மூனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள். இரண்டு பேரும் 32 வயதிலேயே போய்விட்டார்கள். குடியை விடுவதற்காகக் கொடுத்த மாத்திரையை அளவு மீறி விழுங்கி 1978 செப்டம்பரில் மூன். குடித்தே 1980 செப்டம்பரில் போனம். ஒற்றுமை அவ்வளவுதான். வாசிப்பு என்று வந்தால் ஒருவர் கிழக்கு, இன்னொருவர் மேற்கு.

ஒரு ட்ரம்மரை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: வாசிக்கும்போது அவர் காது யார் பக்கம் இருக்கிறது? போனமின் காது எப்போதும் ஜிம்மி பேஜின் கிடார் மேலேயே இருக்கும். பேஜ் ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிடார் துணுக்கை, தொடங்கினால், அதன் எந்த இடத்தில் கனம் விழுகிறதோ அங்கே போனமின் வலது கால், மிதித்து அடிக்கிற பெரிய பாஸ் ட்ரம்மில் விழும், எந்த இடம் காலியோ அங்கே அவரும் சும்மா இருப்பார், இரண்டும் ஒரே ஆள் வாசிப்பது போலக் கேட்கும். மூன் அப்படி இல்லை. அவர் காது பாடுகிற ரோஜர் டால்ட்ரி மேலும், கிடாரில் சுற்றுகிற பீட் டவுன்ஷெண்டின் கை மேலும் இருக்கும். டால்ட்ரி ஒரு வரியை இழுத்தால் இவரும் டாம்டாம் என்ற சின்ன ட்ரம்களில் உருண்டுகொண்டே கூட வருவார், வரி முடிகிற இடத்தில் சிம்பலை அடித்து முற்றுப்புள்ளி வைப்பார். மற்ற ட்ரம்மர்கள் தாளத்தைக் காப்பாற்ற இடைவிடாமல் தட்டுகிற ஹை-ஹாட் சிம்பல் ஜோடியை அவர் அதிகம் தொட்டதே இல்லை. தாளத்தை டவுன்ஷெண்டின் கிடார் பிடித்துக்கொள்ளும், ட்ரம்ஸ் பாடும். குழுவில் வேலை தலைகீழாகப் பிரிந்திருந்தது.

அதனால் மூனுக்குக் காலப்பிரமாணம் நிற்காது என்று சொல்பவர்கள் 1971இல் வந்த 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். அதில் ஓடுகிற சிந்தசைசர் முன்பே பதிவு செய்தது. இயந்திரம் யாருக்காகவும் நிற்காது, யார் தடுமாறினாலும் காத்திருக்காது. அதோடு எட்டரை நிமிடம் மூன் ஓடுகிறார், அத்தனை உருட்டல்களுக்கு நடுவிலும் ஒரு இடத்தில்கூட விலகவில்லை.

பின்னே ஏன் போனம் என்றேன்? மூனின் வாசிப்பு தி ஹூவுக்கு மட்டுமே பொருந்தும். போனமை எந்தக் குழுவில் உட்காரவைத்தாலும் அந்தக் குழு ஒரு படி மேலே போகும் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று, இருவரையும் ஈடுகட்ட ஆள் கிடைக்கவில்லை. மூனுக்குப் பிறகு வந்த கென்னி ஜோன்ஸ் நல்ல ட்ரம்மர்தான், இருந்தும் பழைய ஹூ திரும்பி வரவில்லை. செப்பலின் மூவரும் 1980 டிசம்பரிலேயே இனி தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2007இல் லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரிக்காக அவர்கள் மறுபடி சேர்ந்தபோது ட்ரம்ஸில் உட்கார்ந்தவர் போனமின் மகன் ஜேசன்.

போனம் அடித்தால் மட்டும் ஏன் வீடே அதிர்கிற மாதிரி இருக்கிறது? அவ்வளவு பலமா?
மதுரை வாசகர்

பலம் கொஞ்சம், மீதி எல்லாம் இடம். 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டின் தொடக்கத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோரும் அந்தப் பாட்டில்தான் மாட்டிக்கொண்டவர்கள்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கல் வீடு. ஏழைகளை வைத்து வேலை வாங்கும் இல்லமாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஸ்டூடியோ வேண்டாம் என்று செப்பலின் அங்கே போய்த் தங்கிப் பதிவு செய்தார்கள். ட்ரம் செட்டை வாசல் கூடத்தில், படிக்கட்டின் அடியில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் வைக்காமல், மேல் மாடிப் படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். பாஸ் ட்ரம்முக்கென்று தனி மைக் கிடையாது. அடித்த சத்தம் உயரமான சுவர்களில் மோதி ஏறி மைக்குக்கு வருகிறது, அதோடு பின்சன் என்ற எதிரொலிக் கருவி ஒன்றையும் சேர்த்தார்கள். நீங்கள் கேட்பது போனமை மட்டும் இல்லை, அந்தக் கூடத்தையும் சேர்த்துத்தான். சிவன் கோயில் பிரகாரத்தில் மேளம் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆனால் அதே கூடத்தில் வேறு ஆளை உட்காரவைத்தால் அது வராது. போனமின் பாஸ் ட்ரம் 26 அங்குலம், அன்றைய வழக்கத்தைவிடப் பெரியது. பலர் செய்வதுபோல உள்ளே போர்வையைத் திணித்து நாதத்தை அடக்க மாட்டார். தோலை இழுத்துக் கட்டி, திறந்தே ஒலிக்கவிடுவார். அப்படிப்பட்ட ட்ரம்மில் அவசரப்பட்டு நிறைய அடித்தால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அந்தப் பாட்டில் அவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் அடங்கும்வரை காத்திருக்கிற பொறுமை இருக்கிறதே, அதைத்தான் நான் அவரிடம் கும்பிடுகிறேன்.

பொறுமை மட்டும்தானா, வேகம் இல்லையா என்று கேட்பீர்கள். 1969இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் முதல் பாட்டு, 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் திஸ்ரக் கணக்கில் மூன்றில் முதல் அடியைக் கை வாங்கிக்கொள்ள, மிச்ச இரண்டும் ஒற்றைப் பெடலில், ஒரே காலில் வரும். கல்லூரியில் நான் ட்ரம்ஸ் வாசித்த நாட்களில் அந்த இரண்டு அடிக்காக ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாக வாசித்தால் வரும். பாட்டின் வேகத்துக்குப் போனால் கணுக்கால் பிடித்துக்கொள்ளும்.

ரிங்கோ ஸ்டார் அதிர்ஷ்டத்தால் பீட்டில்ஸில் இருந்தவர்தானே? 'ரிங்கோ பீட்டில்ஸிலேயே சிறந்த ட்ரம்மர் இல்லை' என்று ஜான் லெனனே சொல்லியிருக்கிறாராமே?
திருநெல்வேலி வாசகர்

லெனன் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் இறந்த பிறகு ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த வரி அது, யாரோ லெனன் தலையில் கட்டிவிட்டார்கள், நாற்பது வருடமாக அது போகிற இடமெல்லாம் ரிங்கோவைத் துரத்துகிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும்.

ரிங்கோ இடதுகைக்காரர். சின்ன வயதில் பாட்டி அதை மாற்றிவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். (நம் வீடுகளில் சோற்றுக் கையில் பிடி, பீச்சாங்கையில் பிடிக்காதே என்று அடி வாங்கியவர்களுக்குத் தெரியும்.) ட்ரம்ஸ் என்று வந்தபோது வலதுகைக்காரர்களுக்காக அடுக்கிய செட்டிலேயே உட்கார்ந்தார். இப்போது நடப்பதைக் கவனியுங்கள். வலதுகைக்காரர் இடப்பக்கம் இருக்கிற ஸ்நேர் ட்ரம்மிலிருந்து டாம்டாம் வழியாக வலப்பக்கம் உருண்டு போகும்போது வலது கை முன்னால் போகும், இடது கை பின்னால் வரும், பாதை சுலபம். ரிங்கோவுக்கு முன்னால் போக ஆசைப்படுவது இடது கை. அது வலப்பக்கம் போக வேண்டுமானால் வலது கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒரு நொடியின் சின்னத் துண்டு அளவுக்கு ஒரு தயக்கம், ஒரு இடைவெளி, எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் கொஞ்சம் தள்ளி விழுகிற ஒரு அழகு. 1966இல் வந்த 'ரெய்ன்', 1969இன் 'கம் டுகெதர்', இரண்டையும் கேளுங்கள். மற்றவர்கள் இந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது அடி எல்லாம் சரியாக இருக்கும், அந்தத் தயக்கம் மட்டும் இருக்காது.

அவர் காது யார் பக்கம் என்று கேட்டால், பாட்டின் வார்த்தைகள் பக்கம். யாராவது பாடிக்கொண்டிருந்தால் அவர் குறுக்கே வர மாட்டார். தனி ஆவர்த்தனம் மாதிரி ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கிற இடம் என்று பீட்டில்ஸ் பாட்டுகளில் தேடினால், 'தி எண்ட்' என்ற பாட்டில் சில நொடிகள் கிடைக்கும். அதற்கும் அவரை மற்றவர்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது.

டீப் பர்பிளின் இயன் பெய்ஸும் இடதுகைக்காரர், ஃபில் காலின்ஸும் இடதுகைக்காரர். அவர்கள் செட்டையே திருப்பி அடுக்கிக்கொண்டார்கள். அது புத்திசாலித்தனமான வழி. திருப்பாமல் உட்கார்ந்த ரிங்கோவுக்குக் கிடைத்தது வேறு யாரிடமும் இல்லாத ஒரு நடை.

ரோலிங் ஸ்டோன்ஸ் சார்லி வாட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே? மறந்துவிட்டீர்களா?
சென்னை, மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை

மறக்கவில்லை அம்மா, அவருக்குத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். 1963இல் ஸ்டோன்ஸில் சேர்ந்து, 2021இல் தன் 80 வயதில் இறக்கும்வரை அதே குழு. மனதளவில் அவர் ஜாஸ்காரர். மற்ற ட்ரம்மர்கள் ட்ரம்களைக் கூட்டிக்கொண்டே போன காலத்தில் நான்கு ட்ரம் மட்டும் உள்ள, கிரெட்ச் கம்பெனியின் சின்ன செட்டோடு மேடைக்கு வந்தவர்.

அவருடைய கச்சேரி வீடியோ ஒன்றைப் போட்டு வலது கையை மட்டும் பாருங்கள். ராக்கில் சாதாரணமாக ஹை-ஹாட்டில் ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு, அதில் மூன்றாவதிலும் ஏழாவதிலும் இடது கை ஸ்நேரில் விழும். மற்றவர்கள் அந்த இரண்டு இடத்திலும் இரண்டு கையாலும் அடிப்பார்கள். வாட்ஸ் மட்டும் ஸ்நேர் விழும்போது வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார், தணலைத் தொட்ட விரலை எடுக்கிற மாதிரி. எட்டுத் தட்டு ஆறாகிவிடும். ஸ்நேர் தனியாக, பளிச்சென்று கேட்கும், பாட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு அவரை அடையாளம் சொல்லிவிடலாம்.

அவர் காது கிடார் வாசிக்கிற கீத் ரிச்சர்ட்ஸ் பக்கம். பெரும்பாலான குழுக்களில் ட்ரம்மர் பின்னால் மற்றவர்கள் போவார்கள். ஸ்டோன்ஸில் கிடார் முன்னால், ட்ரம்ஸ் அதன் நிழலில், மிக மிகச் சின்ன இடைவெளியில். அந்த இடைவெளிதான் ஸ்டோன்ஸ் பாட்டின் ஆட்டமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969இல் வந்த 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டில் ட்ரம்ஸ் வாசித்தது வாட்ஸ் இல்லை, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்தத் தாள நடை வாட்ஸுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, மில்லர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார், அதையே பதிவில் வைத்துக்கொண்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பாட்டை மேடையில் வாட்ஸ் வாசித்தார். தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

உலகத்திலேயே வேகமான ராக் ட்ரம்மர் யார்?
சேலம் வாசகர்

தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுவதற்குப் போட்டிகள் இருக்கின்றன, அங்கே பதில் கிடைக்கும்.

நான் மிருதங்கம் கற்றவன். ராக்கில் நாலு நாலாக எண்ணுவதைத் தவிர வேறு கணக்கே கிடையாதா?
கும்பகோணம் வாசகர்

உங்களுக்காகவே ஒரு பாட்டு இருக்கிறது. கனடாவின் ரஷ் குழு 1981இல் வெளியிட்ட, பாட்டு வரியே இல்லாத 'ஒய் ஒய் இசட்'. டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு அந்த மூன்று எழுத்துகள். அவற்றைப் பழைய தந்தி மொழியில், மோர்ஸில், எழுதினால்: கோடு புள்ளி கோடு கோடு, மறுபடி கோடு புள்ளி கோடு கோடு, கடைசியில் கோடு கோடு புள்ளி புள்ளி. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து எண்ணிக்கை! பாட்டின் தொடக்கம் அப்படியே அந்தத் தந்திதான். உங்களுக்கு இதைக் கையில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அதே இசைத்தட்டில் 'டாம் சாயர்' பாட்டின் நடுவில் பாட்டு நின்று இசை மட்டும் ஓடுகிற பகுதி ஏழில் போகும்.

வாசித்தவர் நீல் பியர்ட். குழுவின் பாட்டு வரிகளில் பெரும்பங்கும் அவர் எழுதியதுதான். போனம், மூன், வாட்ஸ் மூவரிலிருந்தும் அவர் வேறுபடுகிற இடம், எல்லாம் முன்கூட்டியே யோசித்து அமைத்ததாக இருக்கும். கோர்வை மாதிரி. பதிவில் வாசித்ததை மேடையிலும் அடி பிசகாமல் வாசிப்பார், ரசிகர்கள் காற்றில் கையை ஆட்டிக் கூடவே வாசிப்பார்கள். சிலருக்கு இது இறுக்கமாகத் தோன்றும், எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அப்புறம் ஒரு விஷயம் தெரிந்து மனம் மாறினேன். நாற்பது வயதைத் தாண்டி, உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நேரத்தில், தன் வாசிப்பு விறைப்பாக இருக்கிறது என்று அவருக்கே பட்டிருக்கிறது. ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் போய், குச்சி பிடிக்கிற முறை உட்பட முதலிலிருந்து கற்றுக்கொண்டார். 2020 ஜனவரியில், 67 வயதில் இறந்தார்.

போனமும் கணக்கில் குறைந்தவர் இல்லை. செப்பலினின் 'காஷ்மீர்', 1975. கிடார் மூன்று மூன்றாகப் போகும், ட்ரம்ஸ் நாலு நாலாகப் போகும், பன்னிரண்டில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒரு சாதாரண நாலை அவர் விடாமல் பிடித்திருப்பதால்தான் மேலே அந்த மூன்று மிதக்கிறது. சர்வலகு, அதாவது நேரான தாள நடை, வாசிப்பின் அருமை தெரிந்த உங்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் ட்ரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், 1991இல் 'பிளானட் ட்ரம்' என்று தாள வாத்தியங்களுக்காகவே ஒரு தொகுப்பு செய்தார். சிறந்த உலக இசைத் தொகுப்புக்கு என்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அதற்குத்தான். அதில் தபலா ஜாகிர் ஹுசேன், கடம் நம் விக்கு விநாயக்ராம்.

ஒரு கையை இழந்த பிறகும் ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் உண்டு என்கிறார்களே, உண்மையா?
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

உண்மை. டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன். 1984ஆம் வருடத்தின் கடைசி நாள், கார் விபத்தில் இடது கை போய்விட்டது. வயது 21. மருத்துவர்கள் கையைத் திரும்பப் பொருத்திப் பார்த்தார்கள், கிருமித் தொற்றால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. குழு வேறு ஆள் தேடவில்லை.

ட்ரம்ஸில் இடது காலுக்கு வழக்கமாக ஹை-ஹாட்டைத் திறந்து மூடுகிற வேலை மட்டும்தான். அந்தக் காலுக்கு முன்னால் வரிசையாக மின்னணுப் பெடல்களை வைத்து, இடது கை அடிக்க வேண்டிய ஸ்நேர் முதலியவற்றை அதில் ஏற்றினார்கள். சொல்லும்போது சுலபம். ஆனால் கை செய்கிற வேலையைக் கால் செய்ய, மூளை எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். மேடைக்குத் திரும்பியபோது துணைக்கு இன்னொரு ட்ரம்மரும் கூட வாசித்தார். ஒரு நிகழ்ச்சிக்கு அவர் வந்துசேரத் தாமதமாக, ஆலன் தனியாகவே தொடங்கி வாசித்தார். அதற்குப் பிறகு துணை தேவைப்படவில்லை. 1986 ஆகஸ்டில் டோனிங்டன் திறந்தவெளி விழாவில் பெரும் கூட்டத்துக்கு முன் வாசித்தார், 1987இல் 'ஹிஸ்டீரியா' வந்தது. அந்தத் தொகுப்பின் ட்ரம்ஸ் நிதானமாக, விசாலமாக இருக்கும். அவரை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதே இல்லை. அவர் அருகில் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது.

நிர்வானாவின் டேவ் க்ரோல் வெறும் பலசாலி என்கிறான் என் அண்ணன்.
வேலூர் மாணவி

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' தொடக்கத்தில் வருகிற அந்த அடிகளை எழுபதுகளின் ஃபங்க், டிஸ்கோ பாட்டுகளிலிருந்து எடுத்தேன் என்று க்ரோலே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பங்க் ராக்குக்கு நடுவில் நடனப் பாட்டின் துள்ளலைக் கொண்டுவந்து சேர்த்தது காதின் வேலை. அப்புறம், 'இன் ப்ளூம்' பாட்டின் ட்ரம்ஸ் அமைப்பு தனக்கு முன்பு நிர்வானாவில் இருந்த சாட் சானிங்குடையது என்று விருது மேடையிலேயே நன்றி சொன்னவர் அவர்.

என் மகளுக்கு 11 வயது. ட்ரம்ஸ் கற்க வேண்டும் என்கிறாள். ஃப்ளாட்டில் இருக்கிறோம். உடனே செட் வாங்கலாமா? பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?
பெங்களூரிலிருந்து ஒரு தந்தை

சரிவரும் சார், அந்தச் சந்தேகமே வேண்டாம். அறுபதுகளில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் மோ டக்கர் நின்றுகொண்டே, சிம்பலை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, படுக்கவைத்த பாஸ் ட்ரம்மில் வாசித்தார். வைட் ஸ்ட்ரைப்ஸின் மெக் வைட் 2003இல் 'செவன் நேஷன் ஆர்மி'க்கு வாசித்த அந்த நேரான அடி இல்லாவிட்டால் கால்பந்து மைதானங்களில் இன்று கூட்டம் அந்த ராகத்தைப் பாடியிருக்காது.

செட் இப்போது வேண்டாம். ஒரு ரப்பர் பிராக்டீஸ் பேட், ஒரு ஜோடி குச்சி, போனில் தாளம் தட்டிக் காட்டுகிற இலவச மெட்ரோனோம், ஒரு நல்ல ஆசிரியர். ஆறு மாதம் கழித்தும் தினமும் தானாக எடுத்து உட்கார்ந்தால் ஹெட்ஃபோனில் கேட்கிற மின்னணு செட் வாங்குங்கள். அதிலும் பெடல் மிதிக்கிற அதிர்வு கீழ் வீட்டுக்குக் கேட்கும், அடியில் கனமான விரிப்புப் போட வேண்டும்.

அதற்குள் ஒரு வேலை கொடுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டைப் போடுங்கள். முதலில் டக் டக் என்று கௌபெல், மாட்டு மணி மாதிரியான வாத்தியம், மட்டும் வரும், மேலே சொன்ன அதே ஜிம்மி மில்லர் தட்டியது. பிறகு ட்ரம்ஸ், பிறகு கிடார். தொடங்கும்போது இருக்கிற வேகமும் முடியும்போது இருக்கிற வேகமும் ஒன்றுதானா என்று மகளிடம் கேளுங்கள், நீங்கள் எதையும் சொல்லாதீர்கள். எத்தனையாவது தடவையில் கண்டுபிடித்தாள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.